பாதி கறுத்த சக்கரம்

மரச்சக்கரத்தை நிறுத்தி வைத்தால் கெட்டுப்போகும். இதைவிட எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீரில் கிடக்கும் பாதி ஊறி ஊறிக் கனத்துவிடும். மேலே இருக்கும் பாதி காய்ந்து லேசாகிவிடும். அப்புறம் மதகைத் திறந்தால் சக்கரம் சுற்றாது, நொண்டும். கனத்த பக்கம் தடாலென்று விழும், முக்கி முனகிக்கொண்டு ஏறும், மறுபடி விழும். அதனால் அரைப்பு இல்லாத நாளிலும், கிறிஸ்துமஸ் ஆனாலும் சரி, சொந்தக்காரர் சாவானாலும் சரி, யாராவது ஒருவர் போய்ச் சக்கரத்தை அரைச்சுற்றுத் திருப்பி வைத்துவிட்டு வரவேண்டும். இன்று கீழே கிடந்தது நாளை மேலே. ஹெர்ன்ஸ்டோ தண்ணீர் ஆலையில் அந்த யாராவது ஒருவர், நானாக இருப்பேன் அல்லது கிளெமாக இருப்பான்.

கிளெமென்ட் ரட்ஜ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஹெஸ்டர் என்று பெயர், அவன் மட்டும் ஹெட்டி என்பான். ஆலை வேலைக்குச் சம்பளம் கிடையாது, மாவும் இருமலும்தான் மிச்சம். ஊரில் எங்களைப் பற்றி வேறு மாதிரிப் பேசினார்கள். பேசட்டும். தலையெல்லாம் மாவு அப்பிய இரண்டு கிழடுகளுக்கு நடுவில் என்ன காதல் வாழ்கிறது? அதைவிடப் பெரிய ஒன்று இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். மதகில் அவன் கை இருந்தால் நான் சக்கரத்துக்கு அடியில் இறங்கி வேலை பார்ப்பேன். இந்த உலகத்தில் வேறு யார் கையையும் நம்பி நான் அப்படி இறங்கியதில்லை, என் செத்துப்போன புருஷன் உட்பட.

போன அக்டோபரில் சக்கரக் குழியில் இலை அள்ள இறங்கினேன். மதகு மூடித்தான் இருந்தது, யார் மேலும் தப்பில்லை. பாசியில் கால் வழுக்கியது, இடுப்பெலும்பு உடைந்தது. கிளெம்தான் இடுப்பளவு தண்ணீரில் குதித்து என் தலையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், ஆம்புலன்ஸ் வரும்வரை. எனக்கு அதெல்லாம் அரைகுறையாகத்தான் நினைவு. குளிரில் அவன் பல் தந்தியடித்தது மட்டும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குத் திருமதி ஆஸ்லி திராட்சைப் பழத்தோடு வந்தாள். ஆலை எங்கள் ஊர் அறக்கட்டளைக்குச் சொந்தம், அவள் அதன் தலைவி. ஆலை அரைப்பது அவளுக்கு என்றைக்குமே பிடிக்காது. தூசி, சத்தம், இன்ஷூரன்ஸ் தொல்லை. சக்கரத்தை அசையாமல் கட்டிப்போட்டு, அரைவை மாடியில் ஆலைக்காரன் மாதிரித் தொப்பி வைத்த மெழுகு பொம்மை ஒன்றை நிறுத்தி, கீழே டீக்கடை போடவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. என் எலும்பு உடைந்தது அவளுக்கு நல்ல சாக்கு. மே மாதம் ஒரு பரிசோதகர் வருவார், சக்கரம் ஒழுங்காக ஓடினால் அரைப்பு தொடரும், இல்லாவிட்டால் இத்தோடு முடிந்தது என்று தேன் தடவிச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் நான் கிளெமைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தினமும் திருப்பு. மற்றதெல்லாம் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றான்.

குளிர்காலம் முழுக்க வூஸ்டரில் என் தங்கை எனிட் வீட்டில் கிடந்தேன். படி ஏறக்கூடாது, கார் ஓட்டக்கூடாது, எனிடின் பூனையைக்கூடத் திட்டக்கூடாது. சாயங்காலம் டீ நேரத்துக்குக் கிளெம் போன் செய்வான். அந்த ஒரு போனுக்காகத்தான் நான் காலையில் கண் திறந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. "திருப்பிட்டேன் மகராசி" என்று ஆரம்பிப்பான். இன்று பலகையில் பனி உறைந்திருந்தது, கட்டையால் தட்டி உடைத்துவிட்டுத்தான் திருப்பினேன் என்பான். நாரை வந்து மதகுமேல் நின்றது, நான் போனதும் என்னை முறைத்துவிட்டுப் பறந்தது, உன்னை மாதிரியே முறைக்கிறது என்பான். கை மரத்துப்போய்விட்டது என்று ஒருநாள் சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னல் வேலை என்றால் காத தூரம் ஓடுகிறவள் நான், எனிடின் ஊசியை வாங்கிச் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடிக் கையுறை பின்னித் தபாலில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் நீளமாகப் போய்விட்டது. அதைப் போட்டுக்கொண்டு திருப்பும்போது ஊரில் என் விரலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவன் சொன்னதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நம்பினார் கெடுவதில்லை என்கிறார்கள். நம்பிக் கெடாதவர் யாரோதான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் எனிட் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டாள். வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலைக்கு விடச் சொன்னேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு சக்கரப் பக்கம் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சக்கரம் இரண்டு நிறமாக இருந்தது. கீழ்ப் பாதி கன்னங்கரேலென்று பாசி வழிந்துகொண்டிருந்தது. மேல் பாதி வெளுத்து, காய்ந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் போகும் அளவு விரிசல். நடுவில் ஒரே கோடு, தண்ணீர் மட்டத்தில். பாதிவரை தாரில் தோய்த்து எடுத்து வைத்த மாதிரி இருந்தது. உச்சியில் இருந்த இரண்டு பலகைகளுக்கு இடையில் பாசியும் வைக்கோலும் சேர்த்துப் பந்து மாதிரி எதுவோ செருகியிருந்தது. கைத்தடியால் தொட்டுப் பார்த்தேன். குருவிக்கூடு. சின்ன வாசலோடு, நேர்த்தியாகக் கட்டியது. உள்ளே முட்டை இல்லை, கட்டிய குருவி இது வேண்டாம் என்று போய்விட்டது போலிருக்கிறது. முட்டை இருந்திருந்தால் என் கோபத்துக்குக்கூட அதில் கைவைக்க மனம் வந்திருக்காது.

கூட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளெம் வீட்டுக்கு நடந்தேன். டாக்டர் நடக்கச் சொன்ன தூரத்தைவிட அது அதிகம்.

அவன் சமையலறையில் ரொட்டியில் ஆரஞ்சு ஜாம் தடவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதுதான் கொடுமை. உட்கார், நாளைக்குத்தானே வருவாய் என்று நினைத்தேன், டீ போடுகிறேன் என்று எழுந்தான். நான் உட்காரவில்லை. கூட்டை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்ன கிளெம்?"

கொஞ்ச நேரம் பார்த்தான். "குருவிக்கூடு."

"எங்க இருந்துச்சுன்னு தெரியுமா? சக்கரத்து உச்சியில. தினமும் சுத்துற சக்கரத்துல குருவி கூடு கட்டுமா? இல்ல, நீ திருப்ப வர்றப்போ அது பெட்டி படுக்கையைத் தூக்கிட்டு இறங்கி நின்னுச்சா?"

முதலில் மழை அதிகம், வெள்ளம், மதகு இறுகிவிட்டது என்று ஏதேதோ சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவனுக்கு எப்போதுமே போதாது. நான் கூட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"திருப்பல ஹெட்டி. ஒரு நாளும் திருப்பல."

ஆலையையே எட்டிப் பார்க்கவில்லையாம். நாரையும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. எல்லாம் இந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, என்னிடம் பேசுவதற்கு முன்னால் யோசித்து வைத்துக்கொண்டது. ஆஸ்லி சொல்லித்தான் செய்தாயா என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, குளிர்காலத்தில் ஆலைப் பக்கம் யார் வருகிறார்கள், முழுக்க என் யோசனைதான் என்றான். அவள் சொல்லிச் செய்திருந்தால் எனக்குப் பாதி நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏன்டா?"

"நீ அந்தக் குழியில கிடந்ததை நீ பாக்கல. நான் பாத்தேன். உன் உதடு நீலமாயிருச்சு. சக்கரம் ஓடாதுன்னு ஆயிட்டா நீ இனிமே அதுல இறங்க மாட்டே. அவ்வளவுதான் நெனச்சேன்."

"அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன். கேக்காம இருக்கிறது என் இஷ்டம். அதைக்கூட எனக்கு விட்டு வைக்காம பண்ணிட்டியே."

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது வேறு. சுத்தமான கோபம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சக்கரம் நொண்டியானதுகூட எனக்கு இரண்டாம் பட்சம்தான். நான் படுக்கையில் கிடந்து, அந்த நாரையைக் கண்ணால் பார்த்தேனே. அவன் கை குளிருமே என்று கணக்குப் பார்த்துப் பார்த்துக் கம்பளி நூலைக் கோத்தேனே. என் நல்லதுக்கு என்று சொல்லி என்னை முட்டாளாக உட்காரவைத்துக் கதை சொல்லியிருக்கிறான். எதிரி இப்படிச் செய்ய மாட்டான், எதிரிக்கு நம் மேல் இவ்வளவு அக்கறை கிடையாது.

மறுநாள் மதகைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். நினைத்தபடியேதான். கறுத்த பக்கம் தடாலென்று இறங்கி, மேலே ஏற முடியாமல் நடுங்கி நின்றது. உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதி, கட்டடமே இருமியது. மூடிவிட்டேன். நல்ல வேளையாக அச்சு இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்தைச் சரிசெய்ய ஒரே வழிதான். கனத்த பக்கத்தை உச்சிக்குக் கொண்டுவந்து சங்கிலியால் கட்டிக் காயவிட வேண்டும், வெளுத்த பக்கத்தைத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். இரண்டும் ஒரே எடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பரிசோதகர் வருவதற்குள் வந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. கறுத்த பக்கத்தை மேலே தள்ளி, அது உருண்டு விழாமல் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் சங்கிலி போடவேண்டும். டாக்டர் மாற்றி வைத்த என் புது இடுப்பை வைத்துக்கொண்டு நான் ஒருத்தி செய்கிற வேலை இல்லை. சக்கரத்தின் போக்குத் தெரியாத ஆளைக் கூப்பிட்டால் அவன் கை போய்விடும்.

கிளெமுக்குப் போன் செய்தேன். நீ கெடுத்ததை நீயே வந்து சரிபண்ணு என்றேன். வந்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் மன்னன். அன்றைக்கு முழுக்க அவன் சக்கரத்தில் தோள் கொடுத்துத் தள்ளினான், நான் சங்கிலியை மாட்டினேன். வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர எதுவும் பேசவில்லை. தள்ளு, பிடி, விடு. அவனும் நானும் சேர்ந்து எவ்வளவு அழகாக வேலை செய்வோம் என்று கை பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு தினமும் போய்ப் பார்த்தேன். வெளுத்த பலகைகள் மெல்ல உப்பின, விரிசல்கள் மூடின. மேலே இருந்த கறுத்த பாசி காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. அவன் தூரிகை வைத்துத் தேய்த்தான். கோடு மங்கியது. கடைசியில் சங்கிலியை அவிழ்த்து ஓட்டிப் பார்த்தபோது நொண்டல் போய், லேசான ஒரு இழுப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

மே மாதம், நாட்டில் உள்ள பழைய ஆலைகள் எல்லாம் ஜனங்களுக்காக ஓடுகிற வார இறுதியில் பரிசோதகர் வந்தார். டாம்லின் என்று பெயர். கேம்பிரிட்ஜில் இருந்து வந்த வெளியூர்க்காரர், ஆனாலும் விஷயம் தெரிந்தவர். ஆலைகளிலேயே வளர்ந்தவர் என்று கையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். திருமதி ஆஸ்லி நீலத் தொப்பியோடு அவர் பின்னாலேயே சுற்றினாள். ஊர் பாதி அரைவை மாடியில் நின்றது. கிளெம் மதகைத் திறந்தான். சக்கரம் கிளம்பியது. கல் சுழன்றது. கோதுமையைத் தட்டிவிடும் கட்டை டக் டக் டக்கென்று பேச ஆரம்பித்தது. குழாயில் மாவு வெதுவெதுப்பாக வந்து விழுந்தது. குழந்தைகள் கையை நீட்டினார்கள்.

டாம்லின் மாவைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் உத்தரத்தில் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் டக் டக் கொஞ்சம் சோம்பியது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டுவிட்டது.

"சின்னதா ஒரு விக்கல் இருக்கே. குளிர்காலத்துல இதை நிறுத்தி வச்சிருந்தீங்களா?"

திருமதி ஆஸ்லியின் தொப்பி திரும்பியது. அப்படி நின்றிருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டாள், குரலில் ஒரு வாஞ்சையோடு. நின்றிருந்தால் கீழ்ப்பக்கத்து மரத்தை முழுக்கக் கழற்றி உள்ளே அழுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இந்த வருடம் அரைப்பு கிடையாது என்றார் அவர். இந்த வருடம் கிடையாது என்றால் ஹெர்ன்ஸ்டோவில் என்றைக்கும் கிடையாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மரத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் நான் கத்தி முனையால் குத்திப் பார்த்திருந்தேன், அழுகல் இல்லை. ஆனால் நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

எல்லோரும் கிளெமைப் பார்த்தார்கள். குளிர்காலத்துக்குப் பொறுப்பு அவன்தானே. அவன் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தான். இவ்வளவு நாள் கூசாமல் பொய் சொன்ன அந்த வாய் அன்றைக்குப் பார்த்து உண்மை பேசப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தான்.

"தினமும் திருப்பினான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், கல் சத்தத்தையும் மீறி. "ஒரு நாள் விடல. பலகையில பனி உறைஞ்சப்போ கட்டையால தட்டி உடைச்சிட்டுத் திருப்பியிருக்கான். சாயந்திரம் சாயந்திரம் எனக்கு போன் பண்ணிச் சொல்லுவான். கேட்டுப் பாருங்க, அங்க வர்ற நாரைக்குக்கூட அவனைத் தெரியும்."

ஜனங்கள் சிரித்தார்கள். டாம்லின் என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார், நான் கண்ணை எடுக்கவில்லை. சரி, வெள்ளத்தில் ஊறியிருக்கும், விடாமல் திருப்பிக்கொண்டே இருங்கள், தானாகச் சரியாகிவிடும் என்றார். ஆலை ஓடலாம். ஒரே ஒரு நிபந்தனை, விபத்து நடந்த இடம் என்பதால் இனி எப்போது ஓட்டினாலும் பழகிய ஆள் இரண்டு பேர் இருக்க வேண்டும். "அதுக்கு உங்களுக்கென்ன கவலை, நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களே" என்றார். திருமதி ஆஸ்லிக்கு வேறு வழியில்லை, கிளெமின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இப்படி ஒரு விசுவாசியைப் பார்த்ததில்லை என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டே எனக்குப் புரிந்தது. அவன் பொய்யை என் வாயாலேயே ஊரறிய உண்மையாக்கிவிட்டேன். இனி யாரிடமும் போய் இவன் எனக்கு இப்படிச் செய்தான் என்று ஒரு வார்த்தை அழ முடியாது. எனிடிடம்கூட முடியாது, அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஊரில் அவன் நல்லவன், கல்லறையில்கூட அப்படித்தான் எழுதுவார்கள். அவன் இல்லாமல் நான் சக்கரத்தை ஓட்டவும் முடியாது.

கூட்டம் கலைந்தது. மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிளெம் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னை மன்னிச்சிட்டே இல்ல?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"சக்கரத்துக்காகச் சொன்னேன். உனக்காக இல்ல."

அவன் தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான், அது ஏற்கெனவே கட்டியிருந்தது. பிறகு, நாள் முழுக்க நின்றிருக்கிறாய், இடுப்பு வலிக்கும், நீ வீட்டுக்குப் போ, நான் இன்றைக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறேன் என்றான். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. இத்தனை வருடமும் அந்த வார்த்தையைக் கேட்டால் நான் தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போயிருப்பேன்.

அரைவை மாடியில் இருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். அவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், கொடுக்கவில்லை. சக்கரக் குழிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். மதகை ஒரு சாண் தூக்கினான். சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றியதும் மூடினான். மூடிய பிறகும் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றான்.

அன்றிலிருந்து தினமும் அவன் திருப்புகிறான், நான் உட்கார்ந்து பார்க்கிறேன். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். இரண்டு பேரும் எவ்வளவு ஒற்றுமை என்று ஊரில் சொல்கிறார்கள்.